பிறந்தநாள் வாழ்த்தும் பிறவாமை வேட்கையும்

பிறவிச் சுழலினின்று விடுபடுவதே உயிரின் குறிக்கோள் என்று நாள்தோறும் ஓதிவரும் நாம், ஒருவர் பிறந்த நாளை மகிழ்ச்சிக்குரியதாகக் கொண்டு வாழ்த்துவது பொருந்துமா? இவ்வினாவை நம் இல்லங்களில் பெரியோர் பலர் எழுப்பக் கேட்டிருக்கிறேன். வினைவயத்தால் நேர்ந்த பிறப்பைப் பாராட்டுவது, கடன் வாங்கிய நாளுக்கு விழா எடுப்பதைப் போன்றதன்றோ என்பது அவர்தம் வாதம். மறுபுறம், "எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று முகம் வாடி நிற்கும் பேரக்குழந்தை. பெரியவர் கொள்கையையும் விடமாட்டார், குழந்தையின் வாட்டத்தையும் காணப் பொறார். இந்த இழுபறியில் மனத்தாங்கல் கொண்ட குடும்பங்களை நான் அறிவேன்.

நாம் வாழும் நகரம் புதுவை ஆதலின், இவ்வினா இங்கே பிரெஞ்சு உடை உடுத்து வருகிறது. அவ்வழக்கத்தை வெறுமனே "வெள்ளைக்காரன் பழக்கம்" என்று தள்ளிவிடாமல் சற்று ஆராய்ந்தால், நம் வினாவுக்கே அதில் விடை கிடைக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

பிரெஞ்சு மொழியில் பிறந்தநாளை 'அனிவெர்செர்' என்பர். ஆண்டு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லும், திரும்புதல் என்னும் பொருளுடைய மற்றொன்றும் சேர்ந்து உருவானது அது. ஆக, சொல்லளவில் அதில் பிறப்பே இல்லை. ஓர் ஆண்டு சுழன்று மீண்டது என்பதே பொருள். திருமண நாளுக்கும் அதே சொல்தான். 'ஜுவாயே அனிவெர்செர்' என்றோ 'பொன் அனிவெர்செர்' என்றோ வாழ்த்துவர். இதனோடு 'பொன் ஃபெத்' என்னும் வாழ்த்தும் அவர்களிடம் உண்டு. 'ஃபெத்' என்றால் விழா. பிரான்சில் இது பிறந்தநாளுக்கு உரியதன்று, பெயர்நாளுக்கு உரியது. நாட்காட்டியின் ஒவ்வொரு நாளும் கிறித்தவப் புனிதர் ஒருவருக்கு உரியதாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவர் பெயரைத் தாங்கியவருக்கெல்லாம் அன்று வாழ்த்துக் கூறுவர். ஆண்டு இறுதியில் தபால்காரர் வீடுதோறும் கொண்டுவரும் நாட்காட்டியில் இப்பெயர்கள் அச்சாகியிருக்கும். 1803ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குழந்தைக்கு இடத்தக்க பெயர்களை நாட்காட்டிகளிலும் பண்டைய வரலாற்றிலும் காணப்படும் பெயர்களுக்குள் அடக்கிவைத்தது. பெற்றோர் தம் விருப்பப்படி பெயரிடும் உரிமை 1993இல்தான் சட்டமாயிற்று. ஆகவே அங்கே ஒருவரின் பெயர் என்பது நெடுங்காலம் ஒரு முன்னோரின் நிழலாகவே இருந்துவந்தது. (கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுவோரோ பிறந்தநாளுக்கே 'பொன் ஃபெத்' என்பர். ஒரே மொழிக்குள்ளும் ஊருக்கு ஒரு வழக்கு!)

பிறந்தநாளைப் பொதுமக்களும் கொண்டாடத் தொடங்கியது ஐரோப்பாவில் மிகப் பிற்காலத்தில்தான். கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் அதை ஐயத்தோடே நோக்கினர். மறைநூலில் பிறந்தநாள் கொண்டாடியவர்களாகக் காணப்படுவோர் எகிப்து மன்னன், ஏரோது மன்னன் போன்றோரே அன்றிப் புனிதர் எவரும் இலர் என்று 3ஆம் நூற்றாண்டின் சமய அறிஞர் ஒரிகன் எடுத்துக்காட்டினார். நம் பெரியோரின் வாதம் எவ்வளவு தொலைவில் எதிரொலித்திருக்கிறது, பாருங்கள்! புனிதர்களுக்கென்று நாட்காட்டியில் குறித்த நாளும் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளே. அந்த இறந்த நாளையே 'பிறந்தநாள்' என்னும் பொருள்பட இலத்தீனில் வழங்கினர். விண்ணுலகில் பிறந்த நாள் என்பது கருத்து. நம் ஊரில் துய்மா வீதியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே நிற்கிறதே ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை, அவ்வம்மையாரின் திருநாள் மே 30. 1431ஆம் ஆண்டு ருவான் நகரில் அவரை உயிரோடு எரித்த நாள் அது.

இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளையன்றோ நாம் தீபாவளியாக விளக்கேற்றிப் போற்றுகிறோம்? மரபுக் கணக்குப்படி அது கி.மு. 527. இறுதியில் ஒருவர் எய்தியதைக் கொண்டே அவரது வாழ்வை மதித்தல் இரு நெறிக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

புதுவையில் இவ்வழக்கம் வேறொரு வடிவமும் கொண்டது. பாரிசில் 1878 பிப்ரவரி 21இல் பிறந்து, 1920 முதல் இந்நகரிலேயே வாழ்ந்து, 1973இல் மறைந்த அரவிந்தர் ஆசிரமத்து அன்னை, ஆசிரமவாசிகளின் பிறந்தநாளில் 'பொன் ஃபெத்' என்று தம் கையால் எழுதிய அட்டையும் மலரும் கொடுத்து வாழ்த்துவார். பிறந்தநாளன்று ஒருவரின் உள்ளம் மேலான அருளை ஏற்கும் பக்குவத்தில் மிகுந்திருக்கும் என்பது அவர் விளக்கம். அந்த விளக்கத்தை நாம் ஏற்றாலும் ஏலாவிட்டாலும், ஒன்றைக் கவனியுங்கள். பிறந்தநாள் அங்கே விருந்துக்குரிய நாளாக அன்றி, தன்னை ஆராய்வதற்குரிய நாளாக ஆக்கப்பட்டது. கையெழுத்திட்ட அட்டை ஒன்று, மலர் ஒன்று. செலவும் ஆரவாரமும் இல்லை.

"அப்படியாயின் மகாவீரர் ஜயந்தியை ஏன் கொண்டாடுகிறோம்? ஜன்ம கல்யாணம் பஞ்ச கல்யாணங்களுள் ஒன்றன்றோ?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தீர்த்தங்கரரின் பிறப்பு, அதன் பின் வந்த துறவாலும் கேவல ஞானத்தாலும் ஒளி பெற்றது. நம் வீட்டுக் குழந்தையின் வாழ்வோ இனிமேல் எழுதப்பட வேண்டிய ஏடு. அதைப் பாராட்ட இன்னும் ஒன்றுமில்லை. விரும்புவதற்கு எல்லாம் இருக்கிறது. தேவகதியினருக்கும் வாய்க்காத வீடுபேற்று வாயில் மக்கட்பிறவிக்கு மட்டுமே உண்டு என்று நம் ஆகமங்கள் கூறுவதையும் இங்கே நினைக்க வேண்டும். கடன்பட்ட நாள் என்று சொல்லும் பெரியவர், அக்கடனைத் தீர்க்க வாய்ப்புக் கிடைத்த நாளும் அதுவே என்பதை மறந்துவிடுகிறார்.

இனி, என்னை நெடுநாள் சிந்திக்கவைத்த ஒரு பிரெஞ்சுச் சொல். வாழ்த்து என்பதற்கு அவர்கள் 'வே' என்னும் சொல்லையும் வழங்குவர். அதே சொல்லுக்கு விரதம், உறுதிமொழி என்பதும் பொருள். கத்தோலிக்கத் துறவியர் ஏற்கும் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றுக்கும் அச்சொல்லே. விரதம் இன்னதென்று பிறர் விளக்க வேண்டாதவர்கள் நாம். அணுவிரதங்களைப் பாட்டி மடியிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். "நீ நலமாக வாழ்க" என்று ஒருவரிடம் சொல்லுகையில், அவர் நலமாக வாழ என்னால் ஆவதைச் செய்வேன் என்று நானும் ஏற்றுக்கொள்வதாக வைத்தால் அவ்வாழ்த்து விரதமாகிறது. அப்போது 'பிறந்தாயே' என்று புகழ்வதாகாது, வாழ்த்தியவரைக் கட்டுவதாகும். அவ்வாறு தன்னைக் கட்டிக்கொள்ளாத வாழ்த்தில் குற்றம் ஒன்றுமில்லைதான், பயனும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். பிறந்தநாள் காணும் பிள்ளை சீருடைக்கு மாற்றாகப் புத்தாடை உடுத்து, வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் பரவிவிட்டது. அவ்வாறு ஒரு பிள்ளை கொடுத்து முடித்த ஒரு நாள், கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "எனக்கு எப்போ டீச்சர் பிறந்தநாள்?" என்றாள். பதிவேட்டைப் புரட்டினேன். ஜூன் 1. அதே பக்கத்தில் மேலும் அறுவருக்கு ஜூன் 1. இதன் காரணம் ஆசிரியர் எல்லோரும் அறிந்ததே. புதுவையில் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே மேரியில் பிறப்பைப் பதிவு செய்தனர். சுற்றியுள்ள தமிழகத்துக் கிராமங்களிலோ, பதிவைக் கட்டாயமாக்கிய 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் பல காலம் குழந்தையின் வயதை நினைவே காத்தது. சேர்க்கைக்கு வயது நிறையும்படி தலைமையாசிரியர்கள் ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். அச்சிறுமியின் பாட்டியை விசாரித்ததில், "நாத்து நட்டுக்கிட்டு இருந்தோம், நல்ல மழை" என்பதே விடை.

நாள் தெரியாத குழந்தைக்கு வாழ்த்து இல்லையா? இவ்வினா, முதலில் சொன்ன தத்துவ வினாவைவிடக் கூர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. மிட்டாய் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை வரிசையில் நின்று பெற்றுக்கொண்டே இருக்கிறது. கொடுக்கும் முறை அதற்கு வருவதில்லை. ஒரு குழந்தையை மகிழ்விக்க முப்பது குழந்தைகள் பார்வையாளர் ஆவதும், அவர்களுள் சிலர் உள்ளுக்குள் சுருங்குவதும் இம்சையில் சேராவோ? மனத்தால் செய்யும் இம்சையும் இம்சையே என்று கற்றவர்கள் நாம்.

பிரான்சின் மழலையர் பள்ளிகள் பலவற்றில் ஒரு மாதத்தில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் சேர்த்து ஒரே நாளில் விழா எடுப்பர். வகுப்பே கூடிக் கேக் செய்வதும் உண்டு. எண்ணிக்கை, அளவை, கூட்டுழைப்பு எல்லாம் அதிலேயே பாடமாகிவிடுகின்றன. ஆசிரியப் பயிற்சியில் என்னிடம் பயின்றோருக்கு இம்முறையை நான் வலியுறுத்திச் சொல்வதுண்டு. ஜூன் 1 பிள்ளைகளுக்கு அன்று விடுமுறையாயினும், ஜூலையில் சேர்த்து வாழ்த்திவிடலாம். உலகெங்கும் பாடும் பிறந்தநாள் பாட்டின் மெட்டும் ஒரு வகுப்பறையில் பிறந்ததுதான். அமெரிக்காவின் லூயிவில் நகரில் மழலையர் பள்ளி நடத்திய பேட்டி ஹில் என்னும் ஆசிரியையும் அவர்தம் தமக்கை மில்ட்ரெடும் குழந்தைகளுக்குக் காலை வணக்கம் சொல்ல அமைத்து 1893இல் வெளியிட்ட மெட்டு அது. பிரெஞ்சுக்காரர் பாடுவதும் அதே மெட்டில்தான். காலை வணக்கமாக இருந்தபோது அது வகுப்பு முழுவதற்கும் உரியதாயிருந்தது!

வீட்டு விழாவைப் பற்றிச் சில சொற்கள். கேக்கில் முட்டை சேர்வதால் நாம் ஒதுக்குகிறோம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முட்டையின்றித் தயிர் சேர்த்துச் செய்யலாம். அல்லது பாயசம் இருக்கவே இருக்கிறது. சுடரை ஊதி அணைப்பதுதான் என் மனத்துக்கு ஒவ்வாதது. விளக்கை 'அணை' என்று சொல்லவும் கூசி, 'குளிர வை' என்று சொல்லும் மொழி நம்முடையது. தீயிலும் ஓரறிவுயிர் உண்டென்று கருதும் இல்லத்தில், ஒரு குழந்தையின் நன்னாளைச் சுடர்களை ஊதியா தொடங்குவது? ஏற்றிவைத்து விடுவோமே. குழந்தைகளின் விருந்தைப் பிரெஞ்சுக்காரர் மாலை நான்கு மணிச் சிற்றுண்டியாகவே வைப்பது மட்டும் நமக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது, இரவுண்ணாமைக்கு இடையூறில்லை. இங்கே நம்மவர் இரவு ஒன்பது மணிக்கு மண்டபம் பிடிப்பதைப் பிரெஞ்சு நாகரிகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றியே பேசிவிட்டேன். வாழ்த்து மிகவும் வேண்டப்படுவது முதியோருக்கு. இந்நகரில் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறுவோர், தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று அனுப்ப வேண்டும். என்னைப் போன்றோரும் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கிறோம். இருக்கிறீர்களா என்று அலுவலகம் கேட்கிறது. ஓய்வூதியம் நிற்காதிருக்க நாம் விடை சொல்கிறோம். அதே கேள்வியைக் கேட்க, பிரான்சில் குடியேறிய பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு நாளாவது வாய்க்க வேண்டாமா? எண்பதைக் கடந்த அண்டை வீட்டு அம்மையார் ஒருவருக்கு நவம்பரில் பிறந்தநாள். பாரிசில் பேரன் பள்ளி விட்டு மாலை நான்கு மணிக்கு அழைத்தால் இங்கே இரவு எட்டரை, அவர் உறங்கியிருப்பார். ஆதலால், பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறையான புதன்கிழமையில், அங்கே நண்பகலில் பேசுவது என்று முடிவு செய்துகொண்டார்கள். நாள் இரண்டொன்று முன்பின் ஆகும். அதை அவர் பொருட்படுத்துவதில்லை. இங்கே மணி நான்கரை. "பொன் ஃபெத், பாட்டி" என்று அவன் சொல்ல, "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று இவர் கேட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் தம் உணவை முடித்துக்கொள்கிறார்.