நடுவர் இல்லாத ஆட்டமும் ஒரு கடிதமும்

அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடாதவர்களிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் அவர்கள் நம்ப மறுப்பது ஒன்றைத்தான்: இதில் நடுவர் கிடையாது. உலக வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டத்திலும் கிடையாது. பக்கத்துக்கு ஏழு பேர், 100 மீட்டர் நீளத் திடல், பறக்கும் ஒரு தட்டு. யாராவது இடித்தால் இடிபட்டவரே ‘ஃபவுல்’ என்று கத்த வேண்டும். இடித்தவர் ஒப்புக்கொண்டால் சரி. “இல்லப்பா, நான் இடிக்கல” என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பிவிடும். அந்த எறிதலே நடக்காத மாதிரி ஆட்டம் தொடரும். யார் சொன்னது உண்மை என்று ஒருவரும் துருவுவதில்லை.

1968இல் நியூ ஜெர்சியில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பாதி விளையாட்டாகத் தொடங்கியது இது. 1972இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதின. ரட்கர்ஸ் 29-27 என்று வென்றது. பிறந்ததிலிருந்தே மாணவர்களின் ஆட்டம். பயிற்றுநரும் நிர்வாகமும் பின்னால்தான் வந்தார்கள். இன்றும் பல பல்கலைக்கழகக் குழுக்களில் கேப்டன்தான் பயிற்றுநர், கணக்காளர், பஸ் பிடிப்பவர் எல்லாம்.

எனக்குப் பிடித்த இன்னொரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணியின் நடத்தைக்கு மதிப்பெண் போடும். விதிகளைத் தெரிந்து பயன்படுத்தியது, உடல் மோதல், நியாய உணர்வு, மனப்பாங்கும் தன்னடக்கமும், பேசிய விதம் என்று ஐந்து தலைப்பு; ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. ஒழுங்காக ஆடிய அணிக்கு இரண்டு போடுவதுதான் இயல்பு. அதாவது இருபதுக்குப் பத்து வாங்கினால் நீங்கள் நல்லவர்கள். சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் தேறி வந்தவர்களுக்கு இதை ஜீரணிக்க ஒரு வருஷம் ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு போட்டி முடிந்த இரவில், தங்கியிருந்த இடத்தில், முதலாமாண்டு மாணவர்களை வரிசையாக நிற்கவைத்துச் சீனியர்கள் குடிக்க வைத்தார்கள். ஒருவன் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தான். காலையில் எழுந்துவிட்டான், அந்தமட்டில் நல்லது. இரண்டு வாரம் கழித்து நிர்வாகத்துக்குப் புகார் போனது. யார் ஊற்றிக் கொடுத்தது என்று கேட்டார்கள். குழு வாய் திறக்கவில்லை. கடிதம் வந்தது: ஓராண்டு இடைநீக்கம். திடல் இல்லை, நிதி இல்லை, பல்கலைக்கழகப் பெயர் போட்ட ஜெர்சியோடு எங்கேயும் ஆடக்கூடாது.

“எங்க கேமே நம்பிக்கைலதான் ஓடுது. எங்கள நம்பி விட்டிருந்தா நாங்களே சரி பண்ணிருப்போம்” என்று சீனியர் ஒருவர் அப்போது சொன்னார். பலருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்குப் படவில்லை. திடலில் அந்த நம்பிக்கை வேலை செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே பதினான்கு பேரின் குரலுக்கும் ஒரே எடை. நேற்று சேர்ந்த பையன் பத்து வருஷம் ஆடியவரைப் பார்த்து ‘ஃபவுல்’ என்று கத்தலாம், ஆட்டம் நின்றே ஆக வேண்டும். தங்கும் அறையில் இரவு பன்னிரண்டு மணிக்கு அவன் என்ன கத்த முடியும்? நாளைக்கு யார் களமிறங்குவது என்று முடிவு செய்கிறவர்தான் கையில் கிளாஸோடு எதிரே நிற்கிறார். “வேணாம்ணே” என்று சொல்வதற்கு ஒரு விலை உண்டு. திடலில் அந்த விலை இல்லாததால்தான் நடுவரும் தேவைப்படவில்லை. ஆகவே ஆட்டத்தின் பெருமையைக் காட்டி அறைக்குள் நடந்ததற்குச் சலுகை கேட்பது செல்லாது.

சரி, நிர்வாகம் செய்தது?

குற்றத்தையும் பொறுப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஹன்னா அரெண்ட் 1968இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். (அதே வருஷம்! நான் இதில் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, சும்மா சொல்கிறேன்.) குற்றம் எப்போதும் தனி ஆளுடையது, எல்லாரும் குற்றவாளிகள் என்று சொன்னால் உண்மையில் செய்தவன் கூட்டத்தில் ஒளிந்துகொள்வான். ஆனால், ஒரு குழுவின் உறுப்பினன் என்பதாலேயே நான் செய்யாததற்கும் நான் பொறுப்பேற்க நேரலாம். இந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால், திடலையும் நிதியையும் பெயரையும் திரும்ப வாங்கிக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அவை குழுவுக்குக் கொடுக்கப்பட்டவை. வாயை மூடிக்கொண்டதும் குழுதான். சிக்கல் என்னவென்றால், நிர்வாகம் அதோடு கோப்பை மூடிவிட்டது. ஊற்றிக் கொடுத்த இரண்டு மூன்று பேரைத் தேடவே இல்லை. பொறுப்பை வசூலித்துவிட்டுக் குற்றத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

கண்ணகி மதுரையை எரித்ததைத்தான் நம் இலக்கியத்தின் ஆகப்பெரிய கூட்டுத்தண்டனை என்பேன். தவறு செய்தது அரசவை, வெந்தது ஊர். ஆனால், அந்த ஆவேசத்திலும் அவள் தீக்கடவுளிடம் ஒரு விலக்குப் பட்டியல் கொடுத்தாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். தீயோரை மட்டும் பிடிக்கச் சொன்னாள். அந்தப் பட்டியலோடு நமக்குச் சண்டை இருக்கலாம், இருக்கட்டும். பட்டியல் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குத் தோன்றவில்லை. விழுந்து கிடந்த பையனுக்கும் அதே ஓராண்டு.

பெரிய அளவிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2016 ஜூலையில், முகாம்களில் ஆபாசமான விளையாட்டுகள் நடந்ததாகச் செய்தி வந்தபிறகு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் மாணவர்கள் நடத்தும் புதுமுக மாணவர் அறிமுக நிகழ்ச்சிகளை நிறுத்திவைத்தது. ஒழுங்காக முகாம் நடத்தியவர்கள் அன்று கோபப்பட்டார்கள். ஆனால், அங்கே ஒரு வேறுபாடு இருப்பதாக நினைக்கிறேன். நடந்துகொண்டிருப்பதை உடனே நிறுத்துவது தீயணைக்கிற வேலை. அதில் ஆள் பார்க்க நேரமிருக்காது. எனக்குத் தெரிந்த குழுவுக்கு வந்த கடிதமோ சம்பவம் நடந்து இரண்டரை மாதம் கழித்து வந்தது. ஆள் பார்க்கத் தாராளமாக நேரம் இருந்தது.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் சிலவற்றில் ‘அப்சர்வர்’ என்று ஒருவர் நிற்பார். ஆட்டக்காரர்களால் தீர்க்க முடியாததை அவரிடம் கொண்டுபோகலாம். அவரிடம் நீல அட்டையும் உண்டு, மஞ்சள் அட்டையும் உண்டு. நீலம் அணியின் நடத்தைக்கு, மஞ்சள் தனி ஆளுக்கு. நிர்வாகத்தின் கையில் நீல அட்டை மட்டும்தான் இருந்தது போலும்.

யாருக்கு வலித்தது என்பதையும் பார்க்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்களுக்கு இரண்டே மாதம் பாக்கி. அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று வார இறுதிகளில் வேறு கிளப்புகளில் ஆடுகிறார்கள். மொத்த வருஷத்தையும் இழந்தது முதலாமாண்டுப் பிள்ளைகள், அதாவது வரிசையில் நின்றவர்கள். இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. புகார் கொடுத்தது யார் என்று எல்லாரும் ஊகிக்க ஆரம்பித்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர் வரவில்லை, ஆனால் எல்லாருக்கும் ஒரு பெயர் தெரிந்திருந்தது. “சீசனையே கெடுத்துட்டான்” என்றார்கள். ஊற்றியவனைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை.

நடுவரே இல்லாத ஆட்டத்தில் கை தூக்கி ‘ஃபவுல்’ என்று சொன்ன ஒரே ஆள் அவன். அவன் கத்தியதும் தட்டு எறிந்தவர் கைக்குத் திரும்பவில்லை, திடலே பூட்டப்பட்டது. அடுத்த முறை இன்னொரு அறையில் இன்னொரு பையன் வாய் திறப்பதற்கு முன்னால் இதைத்தான் யோசிப்பான்.

தடை முடிந்து குழு மறுபடி ஆட வந்தபோது அவன் வரவில்லை. பேட்மின்டனில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.