மரத்தூள் நிலைக்குப் பொட்டு

தச்சு வேலை எங்கள் குடும்பத் தொழில். வெள்ளானூரில் எழும் புது வீடுகளில் அலமாரிக்குப் பிளைவுட், குளியலறைக் கதவுக்கு டபிள்யூ.பி.சி. என்று ஆகிவிட்டது. தலைவாசலுக்கு மட்டும் தேக்கோ வேம்போ கேட்பார்கள். கரையானுக்குப் பயந்து ஒரு வீட்டில் தலைவாசலுக்கும் டபிள்யூ.பி.சி. நிலையே வாங்கியிருந்தார்கள். நிலை வைக்கும் பூசைக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானியம் எல்லாம் தயார். அந்த வீட்டுப் பாட்டி தயங்கினார்: "மரத்தூளும் பிளாஸ்டிக்கும்தானே ஆசாரி? இதுக்கு எப்படிப்பா பொட்டு வைக்கிறது?"

அதைப் பழங்காலத்துப் பேச்சு என்று நான் தள்ளவில்லை. தெய்வம் பொருளில் இருக்கிறதா, கும்பிடுகிறவரிடம் இருக்கிறதா என்ற கேள்வியைத்தான் அவர் கேட்டார்.

கலவை என்பதால் தாழ்வு என்றால் நான் ஒப்பமாட்டேன். திருவனந்தபுரத்தில் பத்மநாபர் கடுசர்க்கரை யோகத்தால் ஆன திருமேனி. மண், பிசின், மூலிகை சேர்ந்த கலவை அது. தண்ணீர் பட்டால் கெடும் என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் பக்கத்துத் திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் சன்னதி முன் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. எருக்கைத் தூணுக்கு எடுக்க எந்த ஆசாரிக்கும் கை வராது. அதையும் கும்பிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

எனக்கு உறுத்துவது வேறு. மயமதம் என்ற பழைய சிற்ப நூல் மரம் சேகரிக்கும் முறையையும் சொல்கிறது. வெட்டுமுன், அதில் குடியிருக்கும் தெய்வங்களையும் பூதங்களையும் விலகிப்போக வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. ஓர் உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்வதுதான் அந்தப் பூசை. தேக்கு என்றால் அடிமரத்தின் முன் நின்று வேண்டலாம். மரத்தூளில் எத்தனை மரம், எந்த ஊர் மரம்? அவற்றிடம் யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அப்படியானால் அந்தப் பொட்டு தேக்கு நிலையைவிட இந்த நிலைக்குத்தான் கூடுதலாகச் சேர வேண்டும். பாட்டியிடம் இதைத்தான் சொன்னேன். அவரே முதல் பொட்டை வைத்தார்.

பிளைவுட் போன்ற இந்தப் பலகைகளால் காடு பிழைக்கும் என்று நம்புகிறேன். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதை இறுக்கிப் பிடித்தது. பிளைவுட் தொழிலும் தோட்ட மரத்தின் பக்கம் திரும்பியது. கேரளத்துப் பெரும்பாவூரில் பால் வற்றிய ரப்பர் மரம் பிளைவுட் ஆகிறது. நம் உழவர்கள் மலைவேம்பு வைக்கிறார்கள். மெல்லிய தகடுகளை ரேகை குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டுவதால் சாதாரண மரத்துக்கும் நெளியாத உறுதி வருகிறது.

ஆனால் அதோடு நம் கடன் தீர்ந்துவிடவில்லை. மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் பசையில் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது. மலிவுப் பலகையை அறுத்தால் கண் எரியும். படுக்கையறைக்கு ஈ-1 தரம் கேட்டு வாங்கி, அறுத்த ஓரங்களை மூடிவிட வேண்டும். டபிள்யூ.பி.சி.யில் உள்ள பி.வி.சி. மண்ணில் மக்காது, எரித்தால் நச்சுப் புகை.

வேலை முடிந்ததும் மிச்சத் துண்டுகள் வாசலோரம் கிடக்கும். போகியன்று அவற்றைத் தீயில் போடாதீர்கள். நிலைக்குப் பொட்டு வைத்த கையால் அதைச் செய்யவே கூடாது.