பலகை மாறினால் வீடு மாறுமா?

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடுகள் பலவற்றின் தரை மண்ணைத் தொடுவதில்லை. குட்டையான செங்கல் சுவர்கள்மேல் மரச்சட்டங்கள், அவற்றின்மேல் பைன் பலகைகள், அடியில் இருண்ட இடைவெளி. வெளிச்சுவரில் பதித்த துளைச் செங்கற்கள் வழியே நுழையும் காற்று, மண்ணின் ஈரத்தை வாரிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். பூச்செடிக்காகக் கொட்டிய மண் அந்தத் துளைகளை அடைத்தால் போதும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும், பூஞ்சை பிடிக்கும், சட்டங்களின் முனைகள் சுவருக்குள்ளேயே உளுக்கும்.

இனி என்ன தரை போடுவது? தச்சரிடம் கேட்கும் இந்தக் கேள்விக்குள் பழைய தத்துவ வழக்கு ஒன்று இருக்கிறது.

கிரேக்கத் தொன்மக்கதை நாயகன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாக மாற்றிக் காத்து வந்தார்கள்; அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் வழக்கை இன்னும் இறுக்கினார். கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, பழைய வரிசையிலேயே பூட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை உவமையாக்கிச் சொன்ன விடை வேறு திசையில் போகிறது. சக்கரம் தேரல்ல, அச்சும் தேரல்ல. உறுப்புகள் சேர்ந்து இயங்கும்போதுதான் அதைத் தேர் என்கிறோம். பழைய வீட்டுக்கு இந்தப் பார்வையே பொருந்தும். அடியிலுள்ள இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்பினால் தரை உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் போக வழியில்லாத ஈரம் சுவரில் ஏறும். எஞ்சிய செங்கற்கள் அத்தனையும் பழையவையாக இருந்தும், வீடு இயங்கிய விதம் போய்விடுகிறது.

இடித்த வீடுகளின் பலகைகளை வாங்கிப் பதிப்பவர்களும் உண்டு. மரம் வீணாகாமல் போவது நல்லதே. ஆனால் வேறு வீட்டில் தேய்ந்த தேய்மானத்தை இந்த வீட்டின் வயதாகக் காட்டுவது பொய்சாட்சி. பழுதுபார்ப்பு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே 1877இல் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். உளுத்த முனையை மட்டும் அறுத்து, புது மரத்தை ஒட்டுப்போட்டு, அது புதிது என்று தெரியும்படி விடுவதே மேல்.

குளிர்காப்பு? விக்டோரியா காலத் தச்சர் அறியாதது அது. ஆனாலும் சட்டங்களுக்கிடையே வலைகட்டிக் கம்பளிப் பஞ்சைத் தாங்கவைத்து, கீழே காற்றுக்கு வழி விட்டால், அந்த வீட்டுக்கு அது அந்நியமல்ல.