இறங்கி மாறுகிறவர்கள்

லாஸ் ஏஞ்சலஸில் 1995 ஆகஸ்டில் ஒரு லைட் ரயில் தடத்தைத் திறந்தார்கள். அன்று அதற்குப் பச்சைத் தடம் என்று பெயர். கிழக்கே நார்வாக்கில் தொடங்கி, விரைவுச்சாலை ஒன்றின் நட்டநடுவே மேற்கு நோக்கி ஓடி, நகரத்தின் பெரிய விமான நிலையத்தை நெருங்கும். ஓடுபாதைக்கு அருகே வந்ததும் உள்ளே போகாமல் தெற்கே திரும்பிவிடும். பெட்டி படுக்கையோடு வந்தவர் அங்கே இறங்கி இணைப்புப் பேருந்துக்காக நிற்க வேண்டியிருந்தது. மறுமுனையிலும் இதே கதைதான். நார்வாக்கில் புறநகர் ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. பச்சைத் தடம் அதற்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதை இரண்டு முனையிலும் சேர வேண்டிய இடத்தைச் சேரவில்லை.

யாரோ ஒரு பொறியாளரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த விரைவுச்சாலைக்காக ஆயிரக்கணக்கான வீடுகள் போக இருந்தன. 1972இல் குடியிருப்பவர்கள் நீதிமன்றம் போனார்கள். பிறகு ஏற்பட்ட உடன்பாட்டில், சாலையின் நடுவே பொதுப் போக்குவரத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. இடம் அங்கே கிடைத்தது, அதனால் ரயிலும் அங்கேயே வந்தது. மேற்கு முனையை எல் செகுண்டோவின் விமான, ராணுவத் தளவாட நிறுவனங்களை நோக்கி வளைத்தார்கள். வண்டி ஓடத் தொடங்கியபோது பனிப்போர் முடிந்து, அந்த வேலைகளில் பெரும்பகுதி கரைந்திருந்தது. மனிதர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்ற கேள்வி, நிலம் எங்கே கிடைக்கிறது என்ற கேள்விக்குப் பின்னால்தான் வந்தது. உலகத்தில் பல ரயில் தடங்களின் ஜாதகம் இதுவே.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 88 நகராட்சிகள், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள், பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. கார் வந்துதான் இந்த ஊர் இப்படிப் பரந்தது என்பார்கள். அது பாதிக் கதை. 1901இல் ஹென்றி ஹன்டிங்டன் தொடங்கிய பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சிவப்பு டிராம் வண்டிகள், உச்சத்தில் சுமார் 1,600 கிலோமீட்டர் தண்டவாளத்தில் ஓடின. ஹன்டிங்டனுக்கு டிக்கெட் காசு பெரிதில்லை. தண்டவாளத்தின் இருபுறமும் மனை விற்க வேண்டும், அதற்கு வண்டி வேண்டும். எலுமிச்சைத் தோட்டத்துக்கு நடுவே முதலில் ரயில் போனது, வீடுகள் பின்னால் வந்தன. கார் வந்து சேர்ந்தபோது ஊர் ஏற்கெனவே பரந்து கிடந்தது. சிவப்பு வண்டிகளின் கடைசித் தடமான லாங் பீச் பாதை 1961 ஏப்ரலில் நின்றது. 1990 ஜூலையில் நகரம் மறுபடி லைட் ரயில் விட்டபோது, முதல் தடத்தைப் பெரும்பாலும் அதே பாதையில்தான் போட்டார்கள். இடையில் போன 29 ஆண்டுகளை என்ன சொல்ல!

இப்படிப் பரந்த ஊரில் எல்லோரும் ஒரே மையத்தை நோக்கிப் போவதில்லை. ஒருவர் கிழக்கிலிருந்து தெற்கே துறைமுகத்துக்குப் போகிறார், இன்னொருவர் வடக்கிலிருந்து மேற்கே கடற்கரை ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போகிறார். நாமாக இருந்தாலும் முதலில் கேட்பது ‘டைரக்ட் வண்டி உண்டா?’ என்றுதான். எல்லோருக்கும் டைரக்ட் வண்டி விட்டால் என்ன ஆகும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

நாலு குடியிருப்புகள், நாலு வேலையிடங்கள். ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒவ்வொரு வேலையிடத்துக்கும் நேரடி வண்டி என்றால் 16 தடங்கள். கையில் இருப்பது 32 வண்டிகள், ஆக தடத்துக்கு இரண்டு. போக அரை மணி, வர அரை மணி என்றால், வண்டி 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம், பயணம் 30, மொத்தம் 45. இப்போது எல்லாத் தடங்களையும் நடுவில் ஒரு சந்திப்பில் கொண்டுவந்து முடியுங்கள். 16 தடம் 8 ஆகிவிடும், ஒவ்வொன்றும் பாதி நீளம், தடத்துக்கு நாலு வண்டி. ஏழரை நிமிடத்துக்கு ஒன்று வரும். இரண்டு இடத்தில் காத்திருந்தாலும் மொத்தக் காத்திருப்பு ஏழரை நிமிடம்தான், பயணம் அதே 30. 37½ நிமிடத்தில் போய்விடலாம். வழியில் இறங்கி ஏறுகிறவர், நேராகப் போகிறவருக்கு முன்னால் சேர்கிறார்.

போக்குவரத்து வல்லுநர்களுக்கு இது பழைய பாடம். ஜாரெட் வாக்கர் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் இதையே விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் எந்த ஊரில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தாலும், யாராவது எழுந்து ‘எங்கள் டைரக்ட் வண்டியை எடுத்துவிடாதீர்கள்’ என்பார். அவர் கணக்குத் தெரியாமல் பேசுகிறார் என்று நினைப்பது வல்லுநர்களின் வழக்கமான அகந்தை. அவருக்குத் தெரிந்த ஒன்று கணக்கில் இல்லை.

முதல் வண்டிக்கு நாம் வீட்டிலிருந்து நேரம் பார்த்துக் கிளம்புகிறோம். அந்தக் காத்திருப்பில் பாதி, காப்பி குடித்துக்கொண்டே வீட்டில் நடந்துவிடுகிறது. இரண்டாவது வண்டிக்கு அந்த வசதி கிடையாது. அது நடைமேடையில், அந்நியர்கள் நடுவே, போன வண்டி போய் எத்தனை நேரமாயிற்று என்று தெரியாமல் நிற்கிற நேரம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிடக் காத்திருக்கும் ஒரு நிமிடம் மனதில் ஏறத்தாழ இரட்டிப்பாகக் கனக்கிறது என்பதைத் திட்டமிடுகிறவர்களே தங்கள் கணக்கில் சேர்க்கிறார்கள். வண்டிகள் சீராக வராவிட்டால் இன்னும் மோசம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று அறிவித்துவிட்டு, 2 நிமிட இடைவெளியும் 18 நிமிட இடைவெளியும் மாறி மாறி வந்தால், அட்டவணைச் சராசரி பத்துதான். ஆனால் நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து சேர்வார்கள் என்பதால், சராசரிக் காத்திருப்பு ஐந்திலிருந்து எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். அலுவலகத்தில் சராசரி சரியாக இருக்கும், நடைமேடையில் ஆட்கள் திட்டிக்கொண்டு நிற்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை.

நிற்கும் இடம் எப்படிப்பட்டது என்பதும் இருக்கிறது. பச்சைத் தடத்தின் ஹார்பர் ஃப்ரீவே நிலையம் இரண்டு விரைவுச்சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது. மேலும் கீழும் பக்கத்திலும் கார்கள் இரைந்துகொண்டே போகும். அங்கே ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறுகிறவர் அந்த இரைச்சலுக்குள்தான் நிற்க வேண்டும். வரைபடத்தில் அது ஒரு சின்ன வெள்ளை வட்டம். கிரென்ஷாவில் 2022இல் திறந்த கே தடத்தின் நிலையம் தரைக்குக் கீழே, அதோடு சேர வேண்டிய ஈ தடத்தின் நிலையம் தரைமேல். வரைபடத்தில் அதுவும் வட்டம்தான்.

இதற்கெல்லாம் மேல், 2014 வரை லாஸ் ஏஞ்சலஸில் வண்டி மாறினால் புதுக் கட்டணம். ஒருமுறை ஏற ஒன்றரை டாலர். லாங் பீச்சிலிருந்து பாசடேனா போகிறவர் மூன்று ரயில் ஏற வேண்டியிருந்தது: லாங் பீச் ரயிலில் வந்து இறங்கி, சுரங்க ரயிலில் யூனியன் நிலையம் வரை போய், அங்கிருந்து இன்னொரு லைட் ரயில். நாள் பாஸ் வாங்காதவருக்கு மூன்று கட்டணம். நேர்வழி கொடுக்காததும் நகரம், வழி முறிந்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் காசு கேட்டதும் நகரம். அந்த ஆண்டு செப்டம்பரில் கட்டணத்தை 1.75 டாலராக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை மாறினாலும் இலவசம் என்றார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த எந்தச் சுரங்கத்துக்கும் இந்தச் சின்னத் திருத்தம் குறைந்ததில்லை என்பது என் எண்ணம்.

சுரங்கமும் வந்தது. நகர மையத்தின் அடியில் சுமார் மூன்று கிலோமீட்டர், மூன்று புது நிலையங்கள், 2023 ஜூனில் திறப்பு. பாசடேனாக்காரரின் மூன்று ரயில் ஏ தடம் என்ற ஒரே ரயிலாயிற்று. 2025 செப்டம்பரில் அந்த ஏ தடம் பொமோனா வரை நீண்டது. இப்போது லாங் பீச்சிலிருந்து 93 கிலோமீட்டருக்கு இறங்காமல் போகலாம். உலகிலேயே நீளமான லைட் ரயில் தடம் என்கிறார்கள். ஆனால் இந்த நேர்வழிக்கும் விலை உண்டு. மையத்துக்குத் தெற்கே வாஷிங்டன், ஃப்ளவர் தெருக்களில் ரயில் சாலையோடு சாலையாக ஓடுகிறது, சிக்னலில் கார்களுக்காக நிற்கிறது. ஏ தடமும் ஈ தடமும் பிரியும் சந்தியும் அங்கேதான். அங்கே இழந்த நான்கு நிமிடத்தை, மலையடிவாரத்தில் அசூசாவில் நிற்கிறவர் ஒரு மணி நேரம் கழித்து அனுபவிப்பார். முன்பு லாங் பீச் தடமும் பாசடேனா தடமும் தனித்தனியாக இருந்தபோது ஒன்றின் தாமதம் மற்றதைத் தொடாது. யாரையும் இறங்கவிடாமல் கொண்டுபோகும் தடம், தன் தாமதத்தையும் எங்கும் இறக்கிவைக்காமல் கொண்டுபோகிறது.

விமான நிலையக் கதை முடியவில்லை. கே தடத்தைப் பச்சைத் தடத்தோடு (இன்று அதன் பெயர் சி தடம்) இணைத்ததும் அங்கே மூன்று கைகள் உள்ள ஒரு சந்தி உருவானது. வடக்குக் கை கிரென்ஷாவுக்கு, கிழக்குக் கை நார்வாக்குக்கு, தெற்குக் கை ரெடோண்டோ பீச்சுக்கு. விமான நிலையத்துக்கான புது நிலையம் வடக்குக் கையில், 2025 ஜூனில் திறந்தது. எந்தெந்தக் கையைச் சேர்த்து வண்டி விடுவது? வடக்கு–தெற்கு, வடக்கு–கிழக்கு, கிழக்கு–தெற்கு என்று மூன்று ஜோடி. மூன்றுக்கும் நேரடி வண்டி விட்டால், இருக்கிற ரயில்கள் மூன்றாகப் பிரியும், ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளி நீளும். இரண்டு தடம் என்றால் யாரோ ஒருவர் இறங்கி மாறியாக வேண்டும். கடைசியில் வடக்கையும் தெற்கையும் ஒரு தடமாக்கினார்கள். நார்வாக் வண்டி அந்தப் புது நிலையத்தோடு நின்றுவிடுகிறது. மூன்று பக்கத்துக்காரர்களும் இப்போது மாறாமல் அந்த நிலையம் வரை போகலாம். ஆனால் நார்வாக்கிலிருந்து ரெடோண்டோ பீச்சுக்குத் தினம் வேலைக்குப் போனவருக்கு 29 ஆண்டுகளாக இருந்த நேரடி வண்டி போயிற்று. அவர் விமான நிலையப் பக்கமாக வடக்கே ஏறி, வண்டி மாறி, வந்த வழியே தெற்கே இறங்க வேண்டும்.

அந்தச் சந்தியை எப்படி வரைந்தாலும் ஒருவர் இறங்கியாக வேண்டும், இல்லையேல் எல்லோரும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். திறமையான பொறியாளர், நல்ல மென்பொருள், கூடுதல் நிதி, எதுவும் இதை மாற்றாது. கூடுதல் ரயில் வாங்கினால் காத்திருப்பு குறையும், ஆனால் அந்த ரயிலை எந்த ஜோடிக்கு விடுவது என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கும். பரந்த ஊரில் என் நேர்வழி என்பது இன்னொருவர் இறங்கி மாறுவதால் எனக்குக் கிடைப்பது. அவர் நடைமேடையில் நிற்கும் நிமிடங்களில்தான் என் ரயில் அடிக்கடி வருகிறது. வண்டிக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வராது. தடம் வரைகிறவரின் மேசையில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறார்கள். மாறுகிறவரை, வழி கிடைக்காமல் போன பாவப்பட்டவராக இதுவரை பார்த்துக்கொண்டிருந்தோம். நகரத்துக்குக் கடன் கொடுத்தவர் அவர்.

கடன் என்று வந்துவிட்டால் திருப்பித் தருவதும் வந்துவிடுகிறது. 1994இல் லாஸ் ஏஞ்சலஸில் பேருந்துப் பயணிகள் போட்ட வழக்கின் சாரம் இதுதான்: பணம் ரயிலுக்குப் போகிறது, ஏழைகளும் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் பிதுங்கி வழியும் பேருந்தில் தொங்குகிறார்கள். 1996இல் ஏற்பட்ட சமரசம், நெரிசலைக் குறைக்கப் புதுப் பேருந்துகள் வாங்க நிர்வாகத்தைப் பத்து ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தியது. எல்லா ஊரிலும் நீதிமன்றம் வரை போக ஆள் இருக்காது. மேடைக்கு மேடை ஒரே தளத்தில் மாறும் வசதி, ஒரே கட்டணம், கூரை, வெளிச்சம், அடுத்த வண்டி எப்போது என்ற அறிவிப்பு, இவை எல்லாம் அந்தக் கடனின் வட்டிக்குத்தான் சரி. அசல் அட்டவணையில் இருக்கிறது.

பகலில், ஓடிவருகிறவர்களுக்காக ரயிலை நிறுத்திவைப்பது கட்டுப்படியாகாது. உள்ளே 200 பேர், படியிறங்கி ஓடிவருகிறவர்கள் பத்துப் பேர் என்று வையுங்கள். இரண்டு நிமிடம் நின்றால் 400 நிமிடம் வீண். அந்தப் பத்துப் பேர் அடுத்த வண்டிக்குப் பத்து நிமிடம் நின்றாலும் இழப்பு 100 நிமிடம்தான். கதவை மூடச் சொல்கிறது கணக்கு, நானும் மூடத்தான் சொல்வேன். நள்ளிரவின் கடைசி ரயிலுக்கு அதே கணக்கைப் போடுங்கள். உள்ளே 40 பேர், வெளியே ஓட்டலில் வேலை முடிந்து ஓடிவருகிறவர் ஒருவர். இரண்டு நிமிடம் நின்றால் 80 நிமிடம் வீண். கிளம்பிவிட்டால், பன்னிரண்டரைக்கு விட்டதை அவர் மறுபடி நாலரைக்குத்தான் பிடிக்க முடியும், அவர் ஒருவருக்கே 240 நிமிடம். இதனால்தான் பல நகரங்களில் கடைசி வண்டிகள் சந்திப்பு நிலையத்தில் ஒன்றுக்கொன்று காத்திருக்கும்படி வகுக்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தை ஓட்டுநரின் இரக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. தாமதத்துக்கு அவரிடம் விளக்கம் கேட்காதபடி, அதை அட்டவணையிலேயே எழுதிவைக்க வேண்டும்.