வீட்டுக்கு முன் அண்டை வீட்டார்

அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் உரைத்து அருகே வந்து அமர்ந்தார். வளைகுடா நாட்டில் 14 ஆண்டுகள் உழைத்துவிட்டு, இனி மனைவி மக்களோடு ஊரிலேயே இருந்துவிடுவது என்னும் முடிவோடு திரும்பியிருப்பவர்.

"ஹஜ்ரத், வண்ணார்பேட்டையில் உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. மேலப்பாளையத்தில் நம் ஆட்களுக்கு மத்தியில் ஒரு வீடு இருக்கிறது. ஊருக்கு வெளியே, சுற்றுமதில் எழுப்பிக் காவலாளி நிறுத்திய புது நகர் ஒன்றிலும் மனை பார்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் நல்லபடியாக வளர எந்த இடம் ஏற்றது? அக்கம்பக்கம் நல்லதாக இருக்க வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம்" என்றார்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வினா என்னை விட்டு அகலவில்லை. நல்ல அக்கம்பக்கம் என்பது யாது? அது ஓரிடத்தில் முன்னரே ஆயத்தமாக இருந்து, நாம் விலை கொடுத்துப் பெற்றுக்கொள்வதா? அன்றி, நாம் போய்ச் சேர்ந்த பின் நம்மாலும் ஆவதா?

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு, பயணத்துக்கு முன் துணையைத் தேடு என்பது அறபு மக்களிடையே வழங்கும் பழமொழி. இதற்குச் சான்றாக அறிஞர்கள் எடுத்துக்காட்டுவது பிர்அவ்னின் மனைவி ஆஸியா அம்மையாரின் பிரார்த்தனையை. திருக்குர்ஆனின் 66ஆம் அத்தியாயத்தில் இடம்பெறும் அப்பிரார்த்தனையில் அம்மையார் சுவனத்தில் ஒரு வீடு கேட்கிறார். அவ்வாறு கேட்கும்போது இறைவனின் அண்மையை முதலிலும், வீட்டைப் பின்னரும் வைக்கிறார். அரண்மனையில் வாழ்ந்த அப்பெண்மணிக்கு வீடு எத்தகையது என்பது பெரிதாகப்படவில்லை. யாருடைய அருகில் என்பதே பெரிதாகப்பட்டது.

எனவே என் மாணவர் கேட்டது பிழையன்று. பெற்ற பிள்ளைகளுக்கு நல்ல சூழல் தேடுவது தந்தையின் கடமை. பிழை நேர்வது அடுத்த படியில்தான். 'நல்லவர்' என்பதற்கு 'நம்மைப் போன்றவர்' என்று நாமே பொருள் செய்துகொள்கிறோம்.

இங்கே சொல்லின் உட்பொருளைச் சற்று நோக்குதல் தகும். அண்டை வீட்டாருக்கு அறபியில் 'ஜார்' என்று பெயர். அடைக்கலம் தருபவருக்கும், அடைக்கலம் பெறுபவருக்கும் அதே சொல் வழங்கும். அநீதியைக் குறிக்கும் 'ஜவ்ர்' என்ற சொல்லும் அதே மூன்றெழுத்து வேரிலிருந்தே கிளைக்கிறது. அருகில் இருப்பவன் அடைக்கலமும் ஆகலாம், அநீதியும் ஆகலாம் என்பது போல் அமைந்திருக்கிறது அந்த வேர். நம் தமிழோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 'அயல்' என்றால் பக்கம். 'அயல்' என்றால் அந்நியமும்தான். அயல்வீடு அடுத்த வீடு, அயல்நாடு பிற நாடு. அடுத்திருப்பவன் அந்நியனாகவும் இருப்பான் என்பதைத் தமிழன் ஒரே சொல்லில் அடக்கிவிட்டான்.

திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்து 36ஆம் வசனமும் இதனையே நமக்கு உணர்த்துகிறது. பெற்றோருக்கும் உறவினருக்கும் அநாதைகளுக்கும் நன்மை செய்யுமாறு கூறிவரும் அவ்வசனம், உறவுடைய அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. அடுத்து, பக்கத்தில் இருக்கும் தோழரையும் சேர்க்கிறது. அத்தோழர் வழிப்பயணத்தில் உடன் வருபவர் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. அண்டை வீட்டார் நம்மவராகத்தான் இருப்பார் என்றிருந்தால், அந்நியரான அண்டை வீட்டாருக்கென்று தனியே ஒரு சொல் எதற்கு?

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களின் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அண்டை வீட்டாரைச் சொத்துக்கே வாரிசாக்கிவிடுவாரோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தி வந்ததையே அதற்குக் காரணமாகவும் கூறினார்கள். நாற்புறமும் 40 வீடுகள் வரை அண்டை வீடே என்பது ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களின் விளக்கம். அப்படியாயின், 160 வீடுகளில் யார் யார் இருக்கவேண்டும் என்று எவரால் தேர்ந்தெடுக்க முடியும்?

இவ்வுரிமை வெறும் உபசாரம் அன்று, பணத்தோடும் தொடர்புடையது. ஒரு வீடு விலைக்கு வரும்போது அதனை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை பங்காளிக்கு மட்டுமே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபிலோ அடுத்த வீட்டாருக்கும் அவ்வுரிமை உண்டு. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளவில் அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு இரு வீடுகள் இருந்தன. தவணை முறையில் 4000 திர்ஹத்துக்கு மேல் கொடுக்க ஸஅத் அவர்கள் இசையவில்லை. வேறொருவரோ 500 தீனார் தர முன்வந்திருந்தார். அது அக்கால மதிப்பில் மிகுதியான தொகை. ஆயினும், அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிருந்த அபூராஃபிஉ, குறைந்த விலைக்கு ஸஅதிடமே அவ்வீடுகளை ஒப்படைத்தார்கள். அண்டை வீட்டாருக்காக நட்டத்தை ஏற்பதும் மார்க்கத்தில் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அங்ஙனமாயின், நம்மவர் சேர்ந்து வாழ்வது தவறா என்று கேட்கலாம். தவறன்று. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே முடுக்குகள் ஓடுகின்றன. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்று வர அவை வழிசெய்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சியும், துக்க வீட்டுக்குச் சோறும் அவ்வழியே போய்ச் சேரும். பாங்கோசை கேட்கும் தூரமும், பிள்ளைகள் ஓத மக்தபும் வேண்டுமென்று ஒருவர் மேலப்பாளையத்தை நாடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலும், பெயரைக் கேட்டவுடன் 'வீடு போய்விட்டது' என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். அவர்களால் ஓரிடத்தில் ஒடுங்க நேர்ந்தவர்மேல் பழியில்லை.

ஆனால் அதே கதவை நாமும் பிறருக்கு அடைக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வண்ணார்பேட்டை என்ற பெயர் உழைப்பாளி மக்களின் தொழிலைச் சொல்லும் பெயர். ஊராரின் அழுக்கை ஆற்றுநீரில் வெளுத்துக் கொடுக்கும் தொழில் அது. பேருந்தும் கடைகளும் மருத்துவமனைகளும் மலிந்த வசதியான இடம் என்று இன்று நாம் அப்பெயரைப் பெருமையோடு சொல்லுகிறோம். அத்தொழில் செய்யும் ஒருவர் இன்று நம் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தால் கொடுப்போமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோமாக. பெயரைக் கேட்டு மறுப்பதற்கும் தொழிலைக் கேட்டு மறுப்பதற்கும் இடையே வேற்றுமை ஏதுமில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையாகாது.

2023 டிசம்பர் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தென் மாவட்டங்களில் அன்று தொடங்கிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. எங்கள் தெருவிலும் நீர் புகுந்து, வாசற்படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. மின்சாரம் இல்லை. அறை முழுதும் கிதாபுகள். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நான் திகைத்து நின்றபோது, கையில் டார்ச் விளக்கோடு ஒருவர் இடுப்பளவு நீரில் வந்தார். அடுத்த வீட்டு அண்ணாச்சி. ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னினும் மூத்தவர்.

"ஆலிம்சா, தண்ணி ஏறிக்கிட்டே வருது. மொதல்ல பொஸ்தகத்தத் தூக்குவோம். நான் தொடலாம்லா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே விடை வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் தலையில் துண்டைச் சுமையடையாகச் சுற்றி, அதன்மேல் கிதாபுகளை அடுக்கி, மாடிக்கு ஏற்றினார். எத்தனை நடை என்று நான் எண்ணவில்லை. மூன்றாம் நாள் நீர் வடிந்த பின், நன்றி சொல்ல அவர் வீட்டுக்குச் சென்றேன். அங்கே அவர் மனைவியார் கட்டிலில் படுத்திருந்தார். சிறுநீரகம் பழுதாகி, இரண்டு ஆண்டுகளாக வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துவருகிறாராம். வெள்ளத்தால் அந்த வாரம் செல்ல முடியாமல் உடல் வீங்கியிருந்தது. அன்றிரவு அவரைத் தனியே விட்டுத்தான் அண்ணாச்சி என் கிதாபுகளைக் காப்பாற்ற வந்திருக்கிறார்.

அத்தெருவில் நான் குடியிருப்பது 11 ஆண்டுகள். அவர் வீட்டுப் படியை நான் ஏறியது அன்றுதான் முதல் தடவை. முப்பது ஆண்டுகளாக, அண்டை வீட்டார் உரிமை பற்றிய ஹதீஸ்களை மாணவர்க்கு வரிக்கு வரி பாடம் நடத்தி வருபவன் நான். அவர் தலையில் சுமந்து காப்பாற்றிய கிதாபுகளிலும் அந்தப் பாடங்களே இருந்தன. அக்கம்பக்கம் எப்படி என்று என்னை யாரேனும் கேட்டிருந்தால், தொந்தரவு இல்லாத இடம் என்று சொல்லியிருப்பேன். தொந்தரவு இல்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது, நான் எவருக்கும் பயன்படாமல் இருந்ததைத்தான்.

அதே வெள்ள இரவில், ஆறு கடலை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் மற்றொன்று நிகழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் அந்நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் நீர். அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் தத்தளிக்கும்போதும், இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். அப்பயணிகளை அவ்வூரார் தேர்ந்தெடுக்கவில்லை. பெயர், குலம், மதம் கேட்கவும் அவகாசமில்லை. பக்கத்தில் வந்து நின்றார்கள். அதனால் அயலார் ஆனார்கள். வழித்தோழர் உரிமையை அவர்கள் தங்கள் உலையிலேயே ஏற்றிக் காட்டினார்கள்.

புறநகர்களின் சுற்றுமதிலைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். வாய்க்கால் கரையிலும் குளத்துத் தாழ்விலும் மண் மேடிட்டு மதில் எழுப்பினால், உள்ளே நீர் புகாது. ஆனால் அந்த நீர் அடுத்த தெருவுக்குள் புகும். நமக்குக் காவலாகத் தோன்றும் மதில், அடுத்தவருக்கு அநீதியாகவும் ஆகலாம்.

மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தார் ஊரின் ஓரத்தே வாழ்ந்தனர். பள்ளிவாசலுக்கு அருகில் குடிபெயர அவர்கள் விரும்பினர். அவர்களது விருப்பத்தில் குறை காண இடமில்லை. ஆயினும் மதீனாவின் ஓரம் வெறிச்சோடிப் போவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இருக்கும் வீடுகளிலேயே இருக்குமாறும், பள்ளிக்கு நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் நற்கூலி எழுதப்படும் என்றும் அவர்களுக்கு அறிவித்தார்கள். நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்வது ஒரு நன்மை என்றால், இருக்கும் இடத்தை வெறுமையாக விடாதிருப்பதும் ஒரு நன்மை என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கழித்து மாணவர் மீண்டும் வந்தார். "எந்த வீட்டை வாங்கட்டும், ஹஜ்ரத்?" என்றார்.

"மூன்று இடத்திலும் என்னென்ன விசாரித்தீர்கள்?" என்று கேட்டேன். தண்ணீர், பள்ளிக்கூடம், பத்திரம், பேருந்து, அக்கம்பக்கத்தாரின் குணம் என்று அடுக்கினார்.

"நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அவர்கள் விசாரித்தார்களா?"

அவர் சிரித்தார், பின்னர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இன்ன வீடுதான் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளைகளின் ஓதலுக்கு மேலப்பாளையம் எளிது. இங்கே வந்தால் அவர்களைச் சைக்கிளில் வைத்து நீங்கள் நாள்தோறும் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் எங்கே வாங்குவதானாலும், முன்பணம் கொடுக்கும் முன் இருபுறத்துக் கதவுகளையும் தட்டி, நான் இன்னார், இங்கே வர எண்ணியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வீடுகளில் நோயாளி யார், தனித்திருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் 11 ஆண்டுகள் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன்" என்றேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து சந்திப்புக்குச் செல்லும்போது நாம் கடக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் படகே கதி. அரசு அலுவலராக இருந்த அப்பெரியவர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அதனைக் கட்டுவித்தார். அப்பொருளைக் கொண்டு தம் வீட்டைச் சுற்றி எவ்வளவு பெரிய மதிலும் எழுப்பியிருக்கலாம். அவர் இரு கரையாரும் ஒருவரிடம் ஒருவர் போய்வர வழி செய்தார். 2023 வெள்ளத்துக்குப் பின்னும் நாம் அதன்மீதுதான் நடக்கிறோம்.

இப்பொழுது செவ்வாயும் வெள்ளியும் அண்ணாச்சியின் மனைவியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆட்டோ பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. வெள்ளியன்று ஜும்ஆவுக்குச் சற்றுப் பிந்திவிடுமோ என்று சில வேளை பதறுவேன். "ஆலிம்சா, நீங்க தொழுகைக்குப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று என்னை அனுப்பிவைப்பவரும் அவரே. இத்தகைய அண்டை வீட்டாரைத் தேடி நான் எங்கும் செல்லவில்லை. 11 ஆண்டுகளாக அவர் அடுத்த வீட்டிலேதான் இருந்தார்.