மூஞ்சூற்றின் மீது பழி!

நேற்று மாலை வரை நாலுகாற் பாய்ச்சலில் ஓடிய குதிரை, இன்று காலை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடி வைக்க மறுக்கிறது, அதட்டினால் நடுங்குகிறது. ஏன்? இந்த ஒரு சொல்லுக்கு மனிதன் தேடிய விடைகளிலே அவன் அறிவின் வரலாறும் இருக்கிறது. அறத்தின் வரலாறும் இருக்கிறது.

இங்கிலாந்திலே செல்போர்ன் என்றொரு சிற்றூர். அவ்வூரின் இயற்கையை ஆராய்ந்த கில்பர்ட் வைட், 1789-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி தருகிறார். குதிரைக்கோ பசுவுக்கோ ஆட்டுக்கோ கால் நொந்தால், அதன்மேல் மூஞ்சூறு ஊர்ந்துவிட்டது என்பது மக்கள் நம்பிக்கை. பரிகாரம்? ஆஷ் என்னும் மரத்திலே துளையிட்டு, உயிருள்ள மூஞ்சூறு ஒன்றை உள்ளே திணித்து அடைத்துவிடுவது! பிறகு அம்மரத்தின் கிளையால் நொந்த காலை மெல்லத் தடவுவது! அத்தகைய மரமொன்று மாதாகோயில் அருகே மதிப்போடு நின்றது. அதை வெட்டி எரித்தவர் யார் தெரியுமா? அவ்வூர்ப் பாதிரியார்! ஊரார் தடுத்தும் அவர் கேட்கவில்லை.

ஜெர்மனியின் மெர்சபர்க் நகரில் 1841-இல் கண்டெடுத்த பழஞ்சுவடியிலும், கால் பிசகிய குதிரைக்கு ஒரு மந்திரம் உண்டு. தேவர்கள் கூடி ஓதினார்களாம், கால் குணமாயிற்றாம்!

மூஞ்சூறு செத்தது, குதிரை நொண்டியது, நம்பிக்கை மட்டும் நலமாக இருந்தது!

"நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. யாருக்கு நட்டம் என்பதைக் குளம்பைப் பார்த்துச் சொல்லுவோம்.

குதிரை திடீரென நொண்டுவதற்குப் பெரிதும் காணப்படும் காரணம், குளம்புக்குள் சீழ் பிடிப்பது. லாடம் அடிக்கையில் ஆணி சற்றே உள்ளே ஏறியிருக்கலாம். கூரிய பொருள் ஏதேனும் அடிக்குளம்பைத் துளைத்திருக்கலாம். அவ்வழியே கிருமி புகுகிறது, சீழ் திரள்கிறது. குளம்போ கொம்பு போன்ற கடினக் கூடு, வீங்க இடமில்லை. அழுத்தம் ஏற ஏற, எலும்பே முறிந்ததோ என்று ஐயுறும் அளவுக்கு வலி! கால்நடை மருத்துவர் குளம்பின் சூட்டைப் பார்க்கிறார்; இடுக்கியால் அழுத்தி, வலிக்கும் இடத்தைக் காண்கிறார்; அங்கே செதுக்கிச் சிறு வழி திறக்கிறார். சீழ் வடிகிறது. நிற்க மாட்டாத குதிரை, பெரும்பாலும் ஓரிரு நாளில் காலை ஊன்றுகிறது. ரணஜன்னி குதிரையை எளிதில் பற்றும் ஆதலால், அதற்குக் காப்பூசியும் வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், நட்டம் யாருக்கு? மரம் தேடிய ஒவ்வொரு நாழிகையும், குளம்புக்குள் சீழ் பெருகிய நாழிகை. நம்பியவன் மனிதன், நொந்தது குதிரை! தன் மூடநம்பிக்கைக்குத் தானே விலை கொடுப்பவனை ஏமாளி என்று இரங்கலாம். அந்த விலையை வாயற்ற உயிரின் தலையில் கட்டுபவனை என்னென்பது? அங்கே அறியாமை குற்றமாகிவிடுகிறது.

மந்திரத்தை நம்பாதவரெல்லாம் பகுத்தறிவாளர் ஆகிவிடுவதில்லை. "சோம்பல்" என்று சவுக்கை எடுப்பவனும், "இனி உதவாது" என்று துப்பாக்கியை எடுப்பவனும், மூஞ்சூறு தேடியவனின் உடன்பிறப்புகளே! மூவரும் ஒன்றைச் செய்யவில்லை: குனிந்து குளம்பைப் பார்க்கவில்லை.

பார்க்கத் தெரிந்தவனிடம் குதிரை பேசும். முன்னங்கால் நொந்த குதிரை நடக்கும்போது, நோவுள்ள கால் தரையில் பட்டால் தலையை உயர்த்தும். நல்ல கால் பட்டால் தாழ்த்தும். காலை ஊன்றவே முடியாத குதிரையை நடத்திப் பார்த்தல் கொடுமை. நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை அழைப்பதே முறை. ஆணி தைத்திருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்கலாகாது. எவ்வளவு ஆழம், எத்திசை என்பதை எக்ஸ்ரே காட்டும்.

"மருத்துவமும் தோற்கிறதே!" என்பார்கள். ஆம், தோற்கிறது. 2006 மே 20 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் பந்தயத்தில், பார்பரோ என்ற குதிரையின் வலப் பின்னங்கால் நொறுங்கியது. மறுநாளே பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. பின்னர் எட்டு மாதப் போராட்டம். மற்றக் கால்களின் குளம்புகளிலும் நோய் பற்றி, மீட்சி இல்லை என்றான பிறகு, 2007 சனவரி 29 அன்று வேதனையின்றி அதன் உயிரை முடித்தார்கள். அதை ஓடவைத்த பந்தயம் அறமா என்பது தனிக் கேள்வி. சிகிச்சையைப் பொறுத்தவரை, அங்கே தோற்றது மருத்துவம், அறம் தோற்கவில்லை. காரணம் கண்டார்கள், வழி தேடினார்கள், எல்லா வழியும் அடைபட்ட பின்னரே முடிவெடுத்தார்கள்.

இளைஞர்களே! வாதத்தில் வெல்வதற்கு மட்டுமா பகுத்தறிவு? வாய் பேசா உயிரின் வலிக்கும் காரணம் கேட்கும் கடமை அதற்கு உண்டு. நொந்து நிற்கும் உயிரின் முன்னே நம் நம்பிக்கையை ஓதிக்கொண்டு நிற்க வேண்டாம். குனியுங்கள், குளம்பைத் தூக்குங்கள், பாருங்கள்!