யாருடைய ஆகுதி?

வங்காளத்தில் பாத்ர மாதத்தின் கடைசி நாளில், பெரும்பாலும் செப்டம்பர் 17-ஆம் தேதியில், விசுவகர்ம பூஜை நடக்கிறது. நாம் சரஸ்வதி பூஜையோடு சேர்த்து ஆயுதங்களுக்குச் செய்கிற மரியாதையைக் கல்கத்தாவாசிகள் சில வாரம் முந்தியே, தேவதச்சனுக்கென்று ஒரு தினம் ஒதுக்கிச் செய்துவிடுகிறார்கள். அச்சகமும் ஆலையும், ரிக்ஷா நிலையமும் மோட்டார்ப் பட்டறையும் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, யானையின்மேல் வீற்றிருக்கும் மண் பிரதிமையின் முன் தங்கள் கருவிகளை வைத்து வணங்க, வீட்டு மாடிகளிலிருந்து ஏறிய காற்றாடிகள் வானத்தை நிறைக்கின்றன. கழுவித் துடைத்து, மாலை சாத்தி, சிந்தூரம் இட்டு நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கும்போது, உயிரற்ற யந்திரத்தினிடத்திலும் மனிதனுக்கு ஒரு கடமை உண்டென்ற நினைவு இந்நாட்டாருக்கு இன்னும் அற்றுப் போகவில்லை என்று மனம் நிறைவு கொள்கிறது. அந்த வண்டிகளின் டாங்கியில் இன்று இருக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்னும் எரிசாராயம். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வடித்தது. இக்கலப்பினால் எஞ்சினுக்கு என்ன நேர்கிறது என்பது மெக்கானிக்குகள் விடை சொல்ல வேண்டிய கேள்வி. அதனால் உண்டாகும் நஷ்டத்தை யார், யாருக்காக, யாருடைய சம்மதத்தின் பேரில் ஏற்கிறார்கள் என்பதோ தர்மத்தைப் பற்றிய கேள்வி. பின்னதைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன்; ஆனால் முன்னதை அறியாமல் பின்னதைப் பேசப் புகுந்தால் அது வெறும் உபதேசமாகிவிடும்.

இவ்வேற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2003-ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று தொடங்கி, 2018-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையாக உருவம் பெற்று, 2022 ஜூனில் பத்துப் பங்கை எட்டி, 2023 பிப்ரவரியில் இருபது பங்குக் கலவை பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு, 2030-க்கென்று முதலில் குறித்த இலக்கை 2025-லேயே அடைந்துவிட்டது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் தேசம் இது. 2014 முதல் 2025 வரையில் இக்கலப்பினால் 1,40,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று என்று மத்திய அரசு கணக்குச் சொல்லுகிறது. இரு சக்கர வாகனங்களின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு பாதியளவு குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கை தெரிவிக்கிறது. மார்கழி மாதத்து மாலையில் சியால்தா மேம்பாலத்தின் அடியில் நின்று மூச்சு விட்டவர்கள் இதைச் சிறிய லாபம் என்று சொல்ல மாட்டார்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கியுள்ள உஷ்ண சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதன் ஆக்டேன் உயர்ந்தது; ஆகையால் அதற்கென்றே அமைத்த எஞ்சினில் அது குணமாகவே வேலை செய்யும். ஆனால் அது தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால், ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டியிருக்க, ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில், புகைக்குழாயில் இருக்கும் சென்ஸார் இந்த வித்தியாசத்தை உணர்ந்து பெட்ரோலைச் சற்றுக் கூட்டிக் கொடுத்துவிடும். கார்பரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு அந்த அறிவு கிடையாது. அதன் ஜெட் துவாரம் என்றோ ஒரு நாள் தொழிற்சாலையில் துளைத்த அளவுதான் என்றைக்கும். அதனால் காற்று மிஞ்சி, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகி, ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது ஒரு கணம் தயங்கிப் பிறகே பிக்கப் எடுக்கிறது. ரப்பர் சிலவற்றை எத்தனால் ஊறச் செய்கிறது. டாங்கியில் படிந்து கிடந்த அழுக்கைக் கரைத்துக் கீழே கொண்டுவருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதற்குத் தண்ணீரின்மேல் உள்ள பிரியம். பெட்ரோல் தண்ணீரோடு சேராது; எத்தனால் அதைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். தாங்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் தங்கிவிட, அடியிலிருந்து உறிஞ்சும் எஞ்சினுக்கு அதுவே போய்ச் சேருகிறது. நான்கு மாத காலம் ஈரம் வற்றாத, ஆண்டுதோறும் தெருக்கள் முழங்கால் அளவு நீரில் மூழ்கும் கல்கத்தாவைவிட இதற்குத் தோதான நகரம் வேறெங்கே? மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜாரை அடுத்த ஒரு பட்டறையில், மழைக்காலம் முழுவதும் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த பழைய வண்டியின் கார்பரேட்டரைக் கழற்றிக் காட்டினார்கள். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக, உப்புப் பூத்ததுபோல், அலுமினியம் அரித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. ஓ-ரிங் பருத்துத் தன் பள்ளத்தில் உட்கார மறுத்தது. அதைப் பட்டறைக்காரர் விரல் நுனியில் உருட்டிப் பார்த்துவிட்டு, புதிதாக வாங்கிய ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். எல்லாக் குற்றத்தையும் எத்தனால்மேல் போட அவர் சம்மதிக்கவில்லை. வண்டியை ஓட்டாமல் போட்டதும் மழையும் சேர்ந்து செய்த வேலை என்றே சொன்னார். அந்த நியாய புத்தியை நான் மதிக்கிறேன்.

ஆக, சேதம் மலைபோன்றதன்று. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர்ப் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சற்று முன்னதாக மாற்ற வேண்டியிருக்கலாம், அது சொற்பச் செலவு என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியது. இரு சக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று நிபுணர் குழு 2021-லேயே எழுதியிருக்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பழைய வண்டியில், பிறர் வீட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தை முதுகில் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் அலையும் ஓர் இளைஞனுக்கு, 2025-இல் கல்கத்தாவில் லிட்டர் 105 ரூபாய்க்கு மேல் விற்ற விலையில், இது தினம் ஏறக்குறைய ஆறரையிலிருந்து ஒன்பது ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய். தேசத்தின் லாபம் லட்சம் கோடிகளில் எழுதப்படும்போது இந்த இருநூறு ரூபாய் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. தேசத்துக்காக இவ்வளவுகூட விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். விட்டுக்கொடுத்தது யார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அக்கினியில் பொருளைப் போடுவதெல்லாம் யாகம் ஆகிவிடாது என்பதை நம் பூர்வ மீமாம்ஸகர்கள் வெகு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். திரவியம், தேவதை, தியாகம் ஆகிய மூன்றும் கூடினால்தான் யாகம் என்பது அவர்களுடைய நிர்ணயம். ஹவிஸை நெருப்பில் சேர்க்கிறவர் அத்வர்யு. மந்திரம் ஓதுகிறவர் ஹோதா. தவறு நேராமல் பார்த்திருக்கிறவர் பிரம்மா. இத்தனை பேர் இருந்தும், இப்பொருள் இன்ன தேவதைக்கு உரியது, இனி என்னுடையதன்று என்று உரிமையைத் துறக்கும் வாக்கியம் மட்டும் யாகத்தைச் செய்விக்கும் யஜமானனுடைய வாயிலிருந்தே வரவேண்டும். அவன் வேதத்தில் பெரிய வித்துவானாக இராமல் இருக்கலாம். அதை நடத்திவைக்கும் ருத்விக்குகள் அவனைவிடப் பதின்மடங்கு அறிந்தவர்களாக இருக்கலாம். அப்படியிருந்தும் பொருள் அவனுடையதாகையால் அதைத் துறக்கும் அதிகாரமும் அவனுடையதே. இதையும் கடந்து ஜைமினி முனிவர் தம் சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயத்தில், யஜமானன் தன் சர்வஸ்வத்தையும் தக்ஷிணையாகக் கொடுத்துவிடுகிற விசுவஜித் யாகத்தைப் பற்றி விசாரிக்கிறார். எல்லாவற்றையும் கொடு என்று விதி இருப்பதனால், அரசன் இந்த யாகத்தைச் செய்தால் பூமியையும் கொடுத்துவிடலாமா என்று ஒரு வினா எழுகிறது. கூடாது என்பது சித்தாந்தம். பூமியைக் காக்கும் அதிகாரம்தான் அரசனுக்கு உண்டு, பூமியோ எல்லாருக்கும் பொது. சர்வஸ்வ தானத்தைக் கட்டளையிடுகிற சாஸ்திரமே அரசனுடைய கையை இந்த இடத்தில் பிடித்து நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் வண்டிக்காரனுக்கு நேரும் நஷ்டத்தையும் அவனன்றி வேறெவரும் அவனுக்காகத் துறந்துவிட முடியாது. இதற்கு எதிராக ஒருவர் சொல்லக்கூடும்: வரியும் சம்மதம் கேட்டா வாங்கப்படுகிறது? ஒவ்வொரு குடிமகனையும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்தால் ராஜ்ய காரியம் நடக்குமா? நடக்காதுதான். ஆனால் வரிக்கு ஒரு சட்டம் உண்டு, சபையில் விவாதம் உண்டு, இவ்வளவு என்று ரசீதில் எழுத்து உண்டு. அறிந்து கொடுப்பதில் சம்மதத்தின் ஒரு சாயலாவது இருக்கிறது. அமெரிக்காவில் 15 சதவிகிதக் கலவையை அனுமதித்தபோது மோட்டார் சைக்கிள்களை விலக்கி, அதைப் பம்பிலேயே எச்சரிக்கைச் சீட்டாக ஒட்டவேண்டும் என்றும் விதித்தார்கள். நம் நாட்டில் எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும், கலப்பின் அளவைப் பம்பில் தெரிவிக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. சட்டத்தைப் பொறுத்தவரையில் அது முடிந்த விஷயம். தர்மத்தைப் பொறுத்தவரையில், இதில் நான் சொல்வதைவிட நிபுணர் குழுவின் அறிக்கை சொல்வதே பலமுள்ளது. சக்தி குறைந்த பண்டமாகையால் கலவையின் சில்லறை விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைந்திருக்க வேண்டும் என்றும், பழைய வண்டிகளைக் காப்பதற்காகப் பத்துப் பங்குக் கலவை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் அக்குழு சிபாரிசு செய்தது. எரிக்கும் அதிகாரத்தை அறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டு, ஈடுசெய்யும் கடமையை அறிக்கையிலேயே விட்டுவிட்டார்கள்.

ஓ-ரிங்குக்கும் மைலேஜுக்கும் இவ்வளவு வாதாடுகிறவன் அதே டாங்கியில் எரியும் தானியத்தை மறந்துவிட்டால் அது பெரும் பிழை. 1897-இல் கல்கத்தாவின் பாக்பஜாரில், கோரக்ஷண சபைக்கு உதவி கேட்டு வந்த பிரசாரகரிடம், மத்திய இந்தியாவில் பஞ்சத்தால் லக்ஷக்கணக்கில் மடிந்த மனிதர்களுக்கு உங்கள் சபை என்ன செய்தது என்று விவேகானந்த சுவாமி கேட்ட கேள்வி நம் ஒவ்வொருவரையும் நோக்கி எழுந்ததுதான். அதே நகரத்தின் நடைபாதைகளில் 1943-இல் கிராமங்களிலிருந்து வந்து விழுந்தவர்கள், சோறு கேட்கவும் துணியாமல், சோறு வடித்த கஞ்சியைத்தான் வீட்டுவாசல்தோறும் நின்று யாசித்தார்கள். அப்பஞ்சத்தில் வங்காளம் ஏறக்குறைய 30 லக்ஷம் உயிர்களை இழந்தது. தானியம் இல்லாமையைவிட, அதை வாங்கும் சக்தியை ஏழைகள் இழந்ததே பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் பிற்காலத்தில் விளக்கினார். ஆகவே கிடங்குகள் நிரம்பி வழிகின்றன, மிஞ்சியதைத்தானே எரிக்கிறோம் என்ற சமாதானம் இவ்வூரில் செல்லாது. 2024-25 எத்தனால் ஆண்டுக்கு இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து 52 லக்ஷம் டன் அரிசி, குவிண்டால் 2,250 ரூபாய்க்கு, வடிசாலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு டன் அரிசியிலிருந்து சுமார் 450 லிட்டர் எத்தனால் வடிக்கலாம். எனவே பத்து லிட்டர் டாங்கியில் இருக்கும் இரண்டு லிட்டர் எத்தனாலும் அரிசியிலிருந்தே வந்ததானால், அது நாலு கிலோவுக்கு மேற்பட்ட அரிசி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஓர் ஏழைக்கு ஒரு மாதத்துக்கு உரியது ஐந்து கிலோ. அன்னத்தைப் பிரம்மமாக அறிந்து தொடங்குகிற பிருகுவின் தவத்தைத் தைத்திரீய உபநிஷத்தில் படித்தவர்களும், 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிவதைக் கண்டவர்களும், உடைந்த தானியத்தையும் சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகையும் எஞ்சினுக்குக் கொடுப்பதை மறுக்கமாட்டார்கள். உண்ணத்தக்க அரிசியின்மேல் முதல் உரிமை வயிற்றில் எரியும் ஜடராக்கினிக்கு. சிலிண்டரில் எரியும் அக்கினிக்கு உரிமை அதற்குப் பிறகுதான். அந்த அரிசியையும் துறந்தவர்கள் அதற்கு உரியவர்கள் அல்லர். உரியவர்கள் சார்பில் எவரும் எனதன்று என்று சொல்லிவிட முடியாது.

எத்தனால் வேண்டாம் என்பது என் கட்சியன்று. மிச்சமாகும் அந்நியச் செலாவணியில் ஒரு சிறு பகுதி, அதை மிச்சப்படுத்திக் கொடுத்த வண்டிக்காரனுக்கு லிட்டர் விலையில் திரும்ப வரவேண்டும். ஒவ்வொரு பம்பிலும் கலப்பின் அளவு அவரவர் தாய்மொழியில் எழுதப்பட வேண்டும். பழைய வண்டிக்குப் பத்துப் பங்குக் கலவை கிடைக்க வேண்டும். உண்ணத்தக்க அரிசி பசித்தவன் வீட்டைத் தாண்டி வடிசாலைக்குப் போகக் கூடாது. இவற்றில் விலையும் பத்துப் பங்குக் கலவையும் 2021-இலேயே அரசின் சொந்தக் குழு எழுதி வைத்தவை. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வாசகர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சிபாரிசுகளைக் குறிப்பிட்டு, அவை எப்போது நிறைவேறும் என்று கேட்டுத் தங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.